சட்டக் கல்லூரியின் வாயிலில் ஒரு தபால்காரர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் என்னையும் பேசுமாறு பணித்தபொழுது மிகவும் தயங்கினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவில் பிறருடைய விடுப்பையும் ஊதிய உயர்வையும் கணக்கிட்டு வாழ்கின்ற குமாஸ்தா நான். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை என்றேன். “தெரிந்ததைப் பேசுங்கள், போதும்” என்று அவர் முடித்துவிட்டார். அண்மையில் ஒரு காரியத்தை முன்னிட்டு நான் வருந்திக் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் வழக்கறிஞர்களை உருவாக்கும் கல்வி எவ்வாறு நடைபெறுகிறது, அதைப் பற்றி அங்கே என்னென்ன சர்ச்சைகள் நிகழ்கின்றன என்பதே அது. இரயில்வே காலனியில் இதைப் பேச வேண்டிய அவசியம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுகிறேன்.

எங்கள் வரிசையில் இருக்கும் டிரைவர் ஒருவர் ஓய்வு பெற இன்னும் இரண்டாண்டு இருக்கிறது. வயதில் மூத்தவராதலால் அவரை அண்ணா என்றே அழைப்பேன். அவருடைய மகள் சட்டத்தில் பட்டம் பெற்றவள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, ஓராண்டு மேற்படிப்புக்கு இடம் தருகிறோம் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. கூடவே வழவழப்பான தாளில் ஒரு புத்தகமும் வந்தது. கடன் விண்ணப்பம், பி.எஃப். பணம் எடுப்பது போன்றவற்றுக்குக் காலனியில் பலர் என்னிடம் வருவது வழக்கம். அண்ணாவும் அவற்றை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, இது நம்மால் ஆகிற காரியந்தானா? படித்துச் சொல்லப்பா” என்றார். ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் என்பதால் உடனே விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மகனுடைய கணினியில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல இரவுகள் படித்தேன்.

முதலில் அந்நாட்டு நடைமுறையைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஐந்தாண்டுகளில் சட்டப் பட்டம் பெறலாம். அங்கே நான்காண்டுகள் வேறு ஏதேனும் பாடத்தில் பட்டம் பெற்ற பின்னரே மூன்றாண்டுச் சட்டக் கல்வி, ஆக ஏழாண்டுகள். அதற்குப் பின்னும் வழக்காட இயலாது. எந்த மாநிலத்தில் தொழில் நடத்த விரும்புகிறார்களோ அந்த மாநிலத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிப்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் என்னும் அமைப்பாகும். அவ்வாறு அங்கீகாரம் பெற்றவை ஏறத்தாழ 200 இருக்கின்றன.

தொடக்கத்தில் இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். நூல்களை வாங்கித் தாமே கற்று 1836இல் உரிமம் பெற்றார். ராபர்ட் ஜாக்ஸன் என்பவர் ஓராண்டு மட்டுமே கல்லூரிக்குச் சென்றார். மற்றவற்றை வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தே கற்றார். அவர் 1941இல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். போர் முடிந்த பின் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது அமெரிக்காவின் சார்பில் வழக்கு நடத்தியவரும் அவரே.

கல்லூரி முறைக்கு இன்றைய வடிவம் தந்தவர் லாங்டெல் என்பவர். 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரானார். அதுவரை ஆசிரியர் விரிவுரை ஆற்ற, மாணாக்கர் எழுதிக்கொள்வர். இவரோ நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணாக்கர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு வகுப்பில் ஒருவரை எழுப்பி நிறுத்தி, “வழக்கு என்ன? தீர்ப்பு என்ன? உண்மைகள் சற்றே மாறியிருந்தால் தீர்ப்பும் மாறுமா?” என்று கேள்வி மேல் கேள்வியாகத் தொடுத்தார். இன்றும் அங்கே முதலாண்டு வகுப்புகள் பெரும்பாலும் இந்த முறையிலேயே நடைபெறுகின்றன. அறிவைக் கூராக்குவதில் இதற்கு ஈடில்லை என்பர். ஆயினும் தீர்ப்பைப் படிப்பது வெந்த சோற்றைப் பார்ப்பது போன்றது. உலை வைத்தது எப்படி, அரிசியில் கல் பொறுக்கியது எப்படி என்பவை அதில் தெரியமாட்டா. கண்ணீரோடு வந்து நிற்கும் கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று எந்தத் தீர்ப்பும் கற்றுத் தராது. 2007இல் கார்னகி நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கையும் ஏறக்குறைய இதே குறையைத்தான் எடுத்துரைத்தது. சட்டப் பேராசிரியராக இருந்த அதிபர் ஒபாமாவே, மூன்றாண்டு எதற்கு, இரண்டாண்டு வகுப்பில் கற்றுவிட்டு மூன்றாமாண்டு தொழிலிடத்தில் கற்கலாமே என்னும் கருத்தை 2013இல் வெளியிட்டார். கல்லூரிகள் அதற்கு இணங்கவில்லை. மூன்றாமாண்டுக் கட்டணத்தை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்?

நிற்க. நான் படித்தவற்றுள் என்னை உறங்கவிடாமல் செய்தது ஒரு தபால்காரரின் வரலாறு.

டெக்ஸஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் கடிதம் விநியோகம் செய்துவந்த ஹீமன் ஸ்வெட் என்பவர் கறுப்பினத்தவர். 1946இல் அவர் டெக்ஸஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் செய்தார். தகுதி இருந்தது, நிறத்தின் பொருட்டே மறுத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் மாநில அரசுக்கு ஆறு மாதத் தவணை அளித்தது. அதற்குள் அரசு அவசர அவசரமாகக் கறுப்பினத்தவர்க்கென்று தனிச் சட்டக் கல்லூரி ஒன்றைத் திறந்து, “இதோ உமக்கும் ஒரு கல்லூரி, இங்கே வந்து படியும்” என்றது. ஸ்வெட் போக மறுத்துவிட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தத் தீர்ப்பில் கணக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கணக்கெழுதும் எனக்கு அது தெளிவாக விளங்கிற்று. வெள்ளையர் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர், மாணாக்கர் 850 பேர், நூலகத்தில் 65,000 நூல்கள். மற்றதில், வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது இருந்த நிலையை எடுத்துக்கொண்டாலும், பேராசிரியர் 5 பேர், மாணாக்கர் 23 பேர், நூல்கள் 16,500. ஆனால் நீதிபதிகள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எண்ணிக் காட்ட முடியாதவை அதனினும் பெரியவை என்றார்கள். ஆசிரியர்களின் புகழ், முன்னாள் மாணவர்களின் செல்வாக்கு, கல்லூரியின் மதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டார்கள். மேலும், அந்த மாநில மக்களில் நூற்றுக்கு 85 பேரை வெளியே வைத்துவிட்டு, நாளைக்கு இவர் எதிரில் வரப்போகும் நீதிபதிகளும் ஜூரிகளும் சாட்சிகளும் வழக்கறிஞர்களும் பெரும்பாலும் அந்த 85 பேரிலேயே இருக்கையில், அவர்களோடு பழகாமல் சட்டம் கற்பது எங்ஙனம் என்று வினவினார்கள். 1950 ஜூன் 5ஆம் நாள் அவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயிற்று. அவருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர் அவரே. பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாது என்னும் 1954ஆம் ஆண்டின் பெருந்தீர்ப்புக்கு இந்தத் தபால்காரர் வழக்கே படிக்கல்லாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஸ்வெட் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. ஆண்டுக்கணக்கான வழக்கினால் உடலும் உள்ளமும் நைந்த நிலையில் இடையிலேயே விலகினார். பிறகு சமூகப் பணியில் பட்டம் பெற்று அத்துறையிலேயே உழைத்தார். 2005இல் டெக்ஸஸின் தலைநகரிலுள்ள நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வழக்கறிஞராக முடியாதவரின் பெயரைத் தாங்கிய வாயில் வழியாக வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள்.

யார் உள்ளே வரலாம் என்னும் அந்தக் கேள்வி இன்றளவும் ஓயவில்லை. ஹார்வர்டு சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1950இல்தான்; 2016 முதல் நாடு முழுவதும் சட்ட மாணாக்கரில் பெண்களே பாதிக்கு மேற்பட்டவர். இது பெருமாற்றம். இனத்தின் விஷயத்திலோ 2023 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கருதக் கூடாது என்பது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டு ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் கறுப்பின மாணாக்கர் 19 பேரே இருந்தனர். முந்தைய ஆண்டு 43 பேர் இருந்தனர். ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கட்டுவது சரியன்று என்பதை நான் அறிவேன். எனினும் அந்த எண்ணைப் பார்த்தபொழுது தபால்காரரின் நினைவு வராமல் இல்லை. நிறம் பார்க்காமல் மதிப்பெண் மட்டும் பார்ப்பதே சமநீதி என்று ஒரு சாரார் வாதிக்கிறார்கள். மதிப்பெண் பெறுவதற்கு வேண்டிய வசதியே சமமாக இல்லையே என்பது மறு சாராரின் வாதம். நம் நாட்டிலும் இந்த வழக்காடலை நாம் கேட்டுப் பழகியவர்கள், ஆகவே விரிக்கவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். நிறத்தால் மூடியிருந்த கதவைத் தீர்ப்பு திறந்தது. கட்டணத்தால் மூடியிருக்கும் கதவைத் திறக்க எந்தத் தீர்ப்பும் வரவில்லை. பெயர் பெற்ற கல்லூரிகளில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 70,000 டாலருக்கு மேல் ஆகிறது. உணவும் உறைவிடமும் வேறு. படித்து முடித்து வெளியே வருகையில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் சுமப்போர் ஏராளம். சம்பளமோ ஒரே சீராக இல்லை. பெரிய நகரங்களின் பெரும் நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கே ஆண்டுக்கு 2,25,000 டாலர் தருகிறார்கள். ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் கிடைப்பது அரிது. இடைப்பட்ட சம்பளம் வாங்குவோர் சொற்பம். வரைந்து பார்த்தால் இரட்டைத் திமில் ஒட்டகம் போல இருக்கும். சேவை செய்ய வேண்டும் என்று உள்ளே போகும் பிள்ளையைக் கடன்தான் பெரிய திமிலை நோக்கித் தள்ளுகிறது. இதற்காகவே 2007இல் ஒரு சட்டம் செய்தார்கள். அரசுப் பணியிலோ தருமப் பணியிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி ஆகும்.

2025 ஜூலை 4ஆம் நாள் கையெழுத்தான வேறொரு சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணாக்கர்க்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று அரசுக் கடனுக்கு வரம்பு கட்டியது. அதுவரை கல்லூரி சொன்ன செலவு முழுமைக்கும் கடன் கிடைத்தது. கடன் தாராளமாகக் கிடைத்ததால்தான் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றின. வரம்பு வந்தால் இறங்கிவிடும் என்பது ஒரு கட்சி. கட்டணம் இறங்காது, ஏழைப் பிள்ளை தனியார் வங்கிக்குப் போய் ஜாமீனுக்கு ஆள் தேடி நிற்பான் என்பது மறு கட்சி. ஜாமீன் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஜாமீன் போட ஆள் உள்ளவனுக்குக் கடன் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

உதவித்தொகையிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் பத்திரிகை ஒன்று அங்கே உண்டு. அந்த வரிசையில் உயர வேண்டுமாயின் நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்களைச் சேர்க்க வேண்டும். ஆகவே உதவித்தொகை அவர்களுக்கே போகிறது. மதிப்பெண் குறைந்தவர், பெரும்பாலும் வசதியும் குறைந்தவர், முழுக் கட்டணம் செலுத்துகிறார். ஏழையின் காசில் வசதியுள்ளவன் படிக்கிறான் என்றே பலர் குறை கூறினர். இத்தகைய குறைகளை எடுத்துக் காட்டியே 2022 நவம்பரில் யேல் கல்லூரியும் ஹார்வர்டு கல்லூரியும் அந்தப் பத்திரிகைக்கு விவரம் அனுப்புவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தன.

அடுத்தது தேர்வு. இதில் என் மனம் இரு பக்கமும் இழுக்கப்பட்டது. மூன்றாண்டு படித்த பின் இரண்டு நாள் தேர்வு எதற்கு, மனப்பாடத் திறமையா வழக்கறிஞரை ஆக்குகிறது என்று அங்கே பலர் கேட்கிறார்கள். விஸ்கான்ஸின் மாநிலத்தில் அங்குள்ள இரு கல்லூரிகளில் படித்தவர்க்குத் தேர்வே இல்லை. ஓரிகன் மாநிலம் 2023இல் புதுவழி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதன்படி, பட்டதாரி அனுபவமுள்ள வழக்கறிஞரின் மேற்பார்வையில் குறிப்பிட்ட மணி நேரம் உழைத்து, தாம் எழுதிய வேலைகளைத் தொகுத்துக் கொடுத்தால், அதை மதிப்பிட்டு உரிமம் தருகிறார்கள். கலிபோர்னியாவில் 2025 பிப்ரவரியில் புதுமுறையில் நடத்திய தேர்வு பெருங்குழப்பத்தில் முடிந்தது. கணினிகள் நடுவிலே நின்றுபோயின. பின்னர், மதிப்பெண்ணுக்குரிய 171 கேள்விகளில் 23 கேள்விகள் செயற்கை அறிவின் துணையால் ஆக்கப்பட்டவை என்பதும் தெரிய வந்தது. தேர்ச்சி மதிப்பெண்ணையே குறைக்க நேர்ந்தது. (செயற்கை அறிவைப் பற்றி இன்னொன்று. நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் அதனிடம் கேட்டு, இல்லாத தீர்ப்புகளை இருப்பதாக எழுதி மனுவில் சேர்த்துவிட்டார்கள். 2023இல் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். எடுத்த நூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே கற்றிருக்கலாம்.)

தேர்வு வேண்டாம், உழைத்துக் கற்றால் போதும் என்பதைக் கேட்டவுடன் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான் வேலை கற்றது புத்தகத்திலன்று. ஹெட் கிளார்க் அருகில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, அவர் கோப்பில் குறிப்பு எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரு கட்டத்தில், மேலே இருந்தவர் ஒருவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் பரிந்துரையை நம்பியிருந்தால் நான் இன்றும் தொடங்கிய இடத்திலேயே இருந்திருப்பேன். துறைத் தேர்வு என்று ஒன்று இருந்தது. மூன்றாம் முறை எழுதித் தேறினேன். விடைத்தாளில் எண் மட்டுமே இருந்தது. நான் எந்த ஊர், யாருக்கு வேண்டியவன் என்று எழுத அதில் இடமில்லை. ஓரிகன் முறையில் மேற்பார்வை செய்ய ஒரு வழக்கறிஞர் முன்வர வேண்டும். யாருக்கு முன்வருவார்? தந்தைக்கு வழக்கறிஞர் நண்பர்கள் இருக்கும் பிள்ளைக்கா, தபால்காரரின் பிள்ளைக்கா? அந்த முறையை ஆதரிப்போர் இந்தக் கேள்விக்கு விடை கண்ட பின்னரே தேர்வைக் கைவிடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அங்கீகாரம் பற்றிய சச்சரவையும் சுருக்கமாகக் கூறுகிறேன். பெரும்பாலான மாநிலங்களில், வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவரே தேர்வு எழுதலாம் என்பது நெடுங்கால விதி. அந்தச் சங்கம் கேட்கும் நிபந்தனைகளே செலவை ஏற்றுகின்றன என்ற குற்றச்சாட்டு பழையது. அரசியல் சாய்வு என்ற குற்றச்சாட்டு புதியது. 2025 செப்டம்பரில் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம், இனி எந்தக் கல்லூரி தகுதியானது என்பதில் இறுதிச் சொல் அந்தச் சங்கத்திற்கு இருக்கலாகாது என்னும் தன் கருத்தை வெளியிட்டது. தபால்காரருக்கென்று அவசரக் கல்லூரி திறந்த மாநிலமும் அதுவே. நிபந்தனை தளர்ந்தால் கட்டணம் குறைந்த கல்லூரிகள் எழலாம். பெயருக்குக் கல்லூரிகளும் எழலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினால், ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டம் அடுத்த மாநிலத்தில் செல்லாக் காசாகும் அபாயமும் இருக்கிறது. இடமாற்றத்தில் வாழும் நமக்கு இதன் வேதனை சொல்லாமலே விளங்கும்.

இத்தனையும் படித்த பின் அண்ணா வீட்டுக்குப் போனேன். அமெரிக்காவில் வழக்காடும் உரிமைக்கு வழி மூன்றாண்டுப் பட்டம். அவர் மகளுக்கு வந்திருப்பதோ ஓராண்டு மேற்படிப்பு. வெளிநாட்டில் சட்டம் பயின்றவரைச் சில நிபந்தனைகளோடு தேர்வெழுத விடும் மாநிலங்களில் முக்கியமானவை நியூயார்க்கும் கலிபோர்னியாவும். மேலே சொன்ன அரசுக் கடனோ, தள்ளுபடியோ அயல்நாட்டு மாணாக்கர்க்குக் கிடையாது. ஆகவே முழுச் சுமையும் இங்குள்ள வங்கிக் கடனும் பி.எஃப். பணமுமே. இவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணா ஒன்றும் பேசவில்லை. அவர் மகள்தான் கேட்டாள்: “மாமா, இந்த ஓராண்டுப் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களா?”

நான் அதைக் கவனிக்கவில்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். மூன்றாண்டுப் பட்டத்திற்கு அந்தக் கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும் என்பது அங்கீகார விதி. ஓராண்டுப் படிப்புக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. புத்தகத்தில் இலையுதிர்கால மரங்களின் படங்கள் இருந்தன, எண் இல்லை. மறுநாளே அவள் கல்லூரிக்கு நேரடியாக எழுதிக் கேட்டாள். பத்து நாள் கழித்து மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. முன்னாள் மாணவர்கள் பல நாடுகளில் சிறப்பாக இருக்கிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. எத்தனை பேர் என்று அவள் மீண்டும் எழுதியிருக்கிறாள். இதற்கிடையில் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் சீனியர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்து, காலை பத்து மணிக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறாள். அண்ணா கையெழுத்திட்டுக் கொடுத்த பி.எஃப். விண்ணப்பம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாம் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு அதை என்ன செய்வது என்று அவளே சொல்லுவதாக ஏற்பாடு.